நாளை மட்டம்

உக்காருங்க அம்மணி, உக்காருங்க. எடம் இருக்குது. அந்தப் பச்சைப் பைய நடுவால வெய்ங்க, அவரு ஒண்ணும் தொடமாட்டாரு. எங்க ஊட்டுக்காரருங்க. பக்கவாதம் வந்ததுலிருந்து வலது கை வராது, வலது காலும் இழுத்து இழுத்துத்தான் நடப்பாரு. பேச்சும் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைதான். மிச்சத்த அவருக்கும் சேத்தி நானே பேசிருவேன். நீங்க கடேசி வீதி மாடி ஊட்டுக்குப் புதுசா வந்தவங்கதானுங்களே? நெனச்சேன். பைக்குள்ள என்ன, தக்காளியா? நல்லா இருக்குது.

அப்படி இல்லீங்க, இந்தப் பக்கம் கேட்டைப் பாத்து உக்காருங்க. நான் எப்பவும், பின்னால குன்றாட்ட நிக்குதே, அந்தக் கரட்டுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவேன். அதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்.

சமதரையா இருக்கற ஊருல பார்க்குக்கு நடுவால கரடு எப்படி வந்துச்சுன்னா கேக்கறீங்க? எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. 'மினி ஊட்டி'ன்னு போர்டு வேற வெச்சிருக்கறாங்களே, பாத்தீங்களா? அதுக்குக் கீழ பேரு பாத்தீங்களா? வடிவமைப்பு, ரா. மயிலாத்தாள். அது நாந்தானுங்க. ஆனா இத நான் வரையலீங்க. நான் வரைஞ்சது கொளம்.

ஆமாங்க, கொளம். சிரிக்காதீங்க. தாமரைக் கொளம்.

என்ற சோலி, என்னோட வேலை, தோட்டம் போட்டுக் குடுக்கறது. நாத்துப் பண்ணை வெச்சிருக்கறேன். இந்தச் சுத்துவட்டாரத்துல மில்லுக்காரங்க ஊடு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, எங்க புல்லுத்தரை பாத்தாலும் பாதி என்ற கை வெச்சதாத்தான் இருக்கும். ஒரு நாளும் காயிதத்துல வரைஞ்சதில்லீங்க. கோலமாவ எடுத்துட்டுப் போயி, எடத்துலயே கோடு போட்டு, இது பாதை, இது பாத்தி, இங்க மரம்னு நடந்தே காட்டிருவேன். நெம்பப் படிச்சவங்ககூட அதப் பாத்துட்டு சரிக்கான்னு போயிருவாங்க.

இந்த எடம் முன்னால குழிங்க. ஓட்டுச் சூளைக்கு மண்ணெடுத்த குழி, ரெண்டாள் ஆழம் இருக்கும். குப்பையும் சீமைக் கருவேலமுமாக் கெடந்துச்சு. நகராட்சியில பார்க்குப் போடப் போறோம், யாரு நல்ல ரோசனை குடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான் வேலைன்னாங்க. நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இது என்ற வேலைன்னு. எதுக்குங்கறீங்க? இவருக்காகத்தான். டாக்டரு தெனமும் நடக்கச் சொல்றாரு. வீதியில நடக்க முடியுதுங்களா? பத்தடிக்கு ஒரு வேகத்தடை, நாயி, பைக்கு. அதனால குழிய மூடாம, சுத்திச் சுத்தி மெதுவாக் கீழ எறங்கற மாதிரி ஒரு பாதை. அடியில தாமரை. இடது பக்கம் பூரா ஒரு கைப்பிடிக் கம்பி, இவரு இடது கை ஒசரத்துக்குச் சரியா. எறங்கிப் போயி தண்ணியப் பாத்துட்டு உக்காந்தா மனசு அமைதியாகும் பாருங்க.

அவரக் கேட்டீங்களாங்கறீங்களா? கேக்காம என்னங்க. பின்னால கம்ப்யூட்டர்ல போட்ட படத்த அச்செடுத்துக் கொண்டுபோயி மொகத்துக்கு நேரா காட்டுனேன். இவரு நல்ல கையால நடுவுல விரல வெச்சு, 'மேல, மேல'ன்னாரு. அட, மேலுக்கு முடியலையாட்ட இருக்குது, ஒடம்பு சரியில்லங்கறாருன்னு மாத்திரையக் குடுத்துப் படுக்க வெச்சுட்டேன். பாவம், அவருக்கு என்னத்தத் தெரியும். கூட்ஸ் வண்டில கார்டா இருந்தவருங்க. வயசு பூரா கடேசிப் பொட்டியில பச்சைக் கொடிய வெச்சுட்டு ஒத்தையா நின்னு போனவரு. இப்ப அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் லைனு போகுது பாருங்க, அதுல வண்டி சத்தம் கேட்டாப் போதும், பதறிப் போயிருவாரு. கையத் தூக்குவாரு, எந்திரிக்கப் பாப்பாரு. சத்தமே ஆகறதில்லீங்க. வண்டி நேரத்துக்கு நான் சன்னலச் சாத்திருவேன்.

சித்த இருங்க அம்மணி, இவரு எந்திரிக்கறாரு. என்னங்க? தண்ணி வேணுமா? இல்லியா? காலாற நிக்கறீங்களா? சரி, நில்லுங்க. அந்தக் கம்பியப் புடிச்சுட்டு இங்கயே நில்லுங்க. குச்சிய பெஞ்சு மேல சாத்தி வெச்சிருங்க.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? ஆங், நகராட்சி. கோலமாவெல்லாம் செல்லாதாமா. கம்ப்யூட்டர்ல நெலத்தோட வரைபடம் போட்டு, அதுக்கு மேல முப்பரிமாண மாடல் பண்ணித்தான் குடுக்கோணுமாமா. தெரியாதவங்களுக்கு பாலிடெக்னிக்குல வகுப்பு வெச்சிருக்கறோம், வந்து கத்துக்கங்கன்னாங்க. போனேன். கெரகம், வேற வழி?

டீச்சரு பேரு ஜெபசீலி. நாகர்கோயில் பக்கம். நல்ல பொம்பளைதான், இல்லீங்கல. ஆனா இங்கிலீசு வார்த்தையே வாயில வராது. வகுப்பு தமிழ்ல நடத்தோணும்னு உத்தரவாமா, அத அந்தம்மா சாமி வாக்கா எடுத்துக்கிச்சு.

மொத நாளு எலியக் கையில குடுத்தாங்க, மவுசுக்கு அந்தம்மா சொல்ற பேரு. நடுவால ஒரு சக்கரம். முன்னால உருட்டுனா திரையில இருக்கற ஊருப் படம் கிட்ட வரும், பின்னால உருட்டுனா தூரப் போகும். நான் ஒரு உருட்டு உருட்டுனேன். நம்ம வீதி போச்சு, ஊரு போச்சு, கோயமுத்தூரு போச்சு, கடல் தெரியுது. திருப்பி உருட்டுனா எந்த ஊரோ என்னவோ, எவரோ மொட்டை மாடியில துணி காயப் போட்டிருக்கறாரு. நம்ம குழியக் காணம். தெனமும் வாசல்ல நின்னு பாக்கற குழிய அதுக்குள்ள தேடித் தேடிக் கண்ணு பூத்துப் போச்சுங்க. பக்கத்துல இருந்த புள்ளை 'ஊரு பேர அடிச்சுத் தேடுங்கக்கா'ங்குது. என்ற ஊட்டுக்கு எதுர இருக்கறதுக்கு நான் எதுக்கு விலாசம் கேக்கோணும்?

அப்பறம் எல்லை போடறது. புள்ளி வெச்சுட்டே போயி, கடேசில மொதப் புள்ளியிலயே கொண்டாந்து மூடோணும். மூடலீன்னா அது எடமே இல்லியாமா, வெறுங் கோடாமா. கோலம் போடறவளுக்கு இது தெரியாதுங்களா? ஆனா என்ற கோலத்துல புள்ளி ஓடாது. இதுல ஓடுதுங்க. நான் இங்க வெச்சா அது அங்க போயி ஒட்டிக்குது. 'அது ஒங்களுக்கு உதவிக்குத்தான் ஒட்டுது'ங்கறாங்க டீச்சரு. நான் உதவி கேட்டனா?

அப்பறம் அடுக்கு. மரத்துக்கு ஒரு அடுக்கு, பாதைக்கு ஒரு அடுக்கு, தண்ணிக்கு ஒரு அடுக்கு. ஒண்ணு மேல ஒண்ணு கண்ணாடியா வெச்ச மாதிரி. நான் ஒரு பொழுது பூரா உக்காந்து மரமா வெச்சேன். அத்தனையும் தண்ணி அடுக்குல போயி உக்காந்துக்கிச்சு. தண்ணிய மறைச்சா மரமும் போகுது, மரத்தக் காட்டுனா தண்ணியும் வருது. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. அழுகல. எந்திரிச்சுப் போயி மொகத்தக் கழுவிட்டு வந்தேன்.

அதுலயும் மரமுன்னா என்ன மரம்? வேம்பு இருக்குதா, இல்ல. புங்கன் இருக்குதா, இல்ல. பூரா ஊசி எலை மரம், ஊட்டியில நிக்குமே, அது. மேல இருந்து பாத்தா எல்லா மரமும் பச்சை வட்டந்தானுங்களே, அதனால ஊசி எலை மரத்தையே வெச்சு, பக்கத்துல புங்கன்னு எழுதிட்டேன். எழுதுனா அது புங்கந்தானே? நீங்களே சொல்லுங்க.

இனித்தான் கேளுங்க. டீச்சருக்கு ஒரு பழக்கம். பொழுது சாஞ்சா போன்ல, எல்லாரும் இருக்கற குரூப்புல, அடுத்த நாளு பாடம் என்னன்னு ஒத்த வரி போடுவாங்க. அதுக்கு மேல எழுதுனா கை வலிக்குமாட்ட இருக்குது. நாளை எல்லை. நாளை அடுக்கு. நாளை மரம். இப்படி வந்துட்டே இருந்துச்சு. ஒரு நாளு வந்துச்சு பாருங்க, 'நாளை மட்டம்'.

அம்மணி, மனசத் தொட்டுச் சொல்லுங்க. வாத்தியாரே 'நாளை மட்டம்'னு எழுதுனா நீங்க என்ன நெனப்பீங்க? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாமயா வளந்தோம்? சரி, டீச்சரு நாளைக்கு மட்டம் போடறாங்க, ஊருக்குப் போறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். மரியாதைக்கு, 'நல்லதுங்க டீச்சர், பத்திரமாப் போயிட்டு வாங்க'ன்னு பதிலும் போட்டேன். நாலஞ்சு பேரு சிரிக்கற மொகம் போட்டாங்க. அவங்களும் லீவு சந்தோசத்துல சிரிக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்.

அடுத்த நாளு நிம்மதியா இருந்தேன். செடிக்கெல்லாம் எரு வெச்சேன். இவருக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துனேன். அதுக்கு மறுநாளு போறேன், வாசல்லயே டீச்சரு.

"மயிலக்கா, நேத்து ஏன் வரல்ல?"

"நீங்கதானே டீச்சர் மட்டம்னீங்க?"

"ஆமா, மட்டம்தான் நடத்துனேன்."

"மட்டம் போட்டவங்க எப்படிங்க நடத்துவீங்க?"

"மட்டம் போட்டுத்தான் நடத்துனேன். எல்லாரும் போட்டாங்க, நீங்க ஒராளுதான் போடல்ல!"

வகுப்பே சிரிக்குதுங்க. மேடு பள்ளத்துக்கு மட்டம் பாக்கறது இருக்குதுல்ல, ரசமட்டம் வெச்சுப் பாக்கறமே, அந்த மட்டமாமா. அந்த மட்டத்தக் கம்ப்யூட்டர்ல போடற பாடமாமா. அப்ப 'மட்டம் பார்த்தல்'னு எழுதறதுக்கென்ன? ஒரு வார்த்தை சேத்தி எழுதுனா விரலு தேஞ்சா போகும்? என்ற மேல ஒரு தப்பும் இல்லீங்க. எல்லாரும் எகத்தாளமாப் பாக்கறாங்க, எனக்கு ரோசம் பொத்துட்டு வந்துருச்சு.

டீச்சரு கொஞ்ச நேரம் கழிச்சுப் பக்கத்துல வந்து மெதுவாத்தான் கேட்டாங்க. "நா மறுபடி சொல்லித் தாரேன், ஒரு மணி நேரம் இரிங்கக்கா. அதுல ஒரு முக்கியமான காரியம் இருக்கு" அப்படின்னாங்க. "மட்டமா? எனக்கா? டீச்சர், நான் தண்ணி டியூபு புடிச்சு மட்டம் பாத்த எடம் எத்தனைன்னு எனக்கே கணக்கு இல்ல. அது எனக்குத் தெரியும், நீங்க அடுத்தத நடத்துங்க"ன்னு சொல்லிட்டேன். பின்ன?

மட்டம் பாத்தேன். கொறை சொல்ல முடியாது. குழிக்கு மேல குறுக்கால கயித்தக் கட்டி, தண்ணி டியூபு வெச்சுச் சரி பண்ணி, கயித்துலிருந்து கீழ தரை எத்தன அடின்னு எடம் எடமா அளந்து, அந்த நம்பரக் கொண்டுபோயி அப்படியே உள்ள போட்டேன். ஓரத்துல சின்ன நம்பரு, நடுவால பெரிய நம்பரு. போட்ட ஒடனே வட்டம் வட்டமாக் கோடு வந்துச்சுங்க, அத்தன அழகா. வட்டத்துக்குள்ள வட்டம். அதுக்கு மேல பாதையப் போட்டேன், கம்பியப் போட்டேன், புங்கன வெச்சேன். மொத தடவையா அந்த மெசினு என்ற பேச்சக் கேக்குதுன்னு சந்தோசப்பட்டேன்.

நகராட்சியில காட்டற நாளு. பெரிய திரை. நம்ம குடியிருப்போர் சங்கத் தலைவரு ஆறுச்சாமி, இன்ஜினியரு, கவுன்சிலரு, எல்லாரும் உக்காந்திருக்கறாங்க. டீச்சரும் வந்து ஓரமா நிக்கறாங்க. இன்ஜினியரு என்ற படத்தத் தெறந்தாரு. மேல இருந்து பாத்தா நான் வரைஞ்சது மாதிரியே இருக்குது. அப்பறம் எலியப் புடிச்சு அப்படியே சாய்ச்சாரு பாருங்க. எனக்கு இத சாய்க்கலாம்னே தெரியாது, அதுவும் அந்த மட்டம் வகுப்புலதான் சொல்லிக் குடுத்தாங்களாமா.

நடுவால எந்திரிச்சு நிக்குது ஒரு கரடு. குழி இல்ல. கரடு. அதச் சுத்தி ஏறுது என்ற பாதை. பக்கத்துல கம்பி. கரடு பூரா ஊசி எலை மரம்.

ஆறுச்சாமி எந்திரிச்சே நின்னுட்டாரு. "மயிலக்கா! ஊட்டியவே கொண்டாந்துட்டீங்களே!"ங்கறாரு. எல்லாரும் கை தட்டறாங்க. கவுன்சிலரு, "எல்லா ஊர்லயும் குழியப் பாத்தா கொளம் வெட்டலாம்பாங்க. குழியப் பாத்துக் கரடு வெக்கலாம்னு ரோசிச்சது நீங்கதாம்மா"ன்னு சால்வையவே தூக்கிட்டு வந்துட்டாரு. அந்நேரம் பாத்து டீச்சரு என்ற காதுகிட்ட வந்து, "அக்கா, ஆழத்துக்கெல்லாம் முன்னால கழித்தல் குறி போடல்ல நீங்க. கீழ போற நம்பருக்கு அதப் போடலன்னா மேல போகுதுன்னு எடுத்துக்கிடும். இப்பச் சொல்லிரட்டா? ரெண்டு நிமிசத்துல மாத்திரலாம்"ங்கறாங்க. "சித்த சும்மா இருங்க டீச்சர்"ன்னேன். ஏனுங்க, அத்தன பேரு கை தட்டிட்டு இருக்கறப்ப, சால்வை கழுத்துக்கிட்ட வந்துட்டப்ப, கழித்தல் குறி, பெருக்கல் குறின்னு பேசற நேரமா அது?

அவங்களாவது சத்தமாச் சொல்லியிருக்கலாம். சொல்லலியே. என்ற வாயையே பாத்துட்டு நின்னாங்க, அப்பறம் வெளிய போயிட்டாங்க. அதுதான் எனக்கு அவங்க மேல இன்னும் மனத்தாங்கல். சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லாதவங்க என்ன டீச்சரு?

அந்த மெசினச் சொல்லுங்க மொதல்ல. பள்ளத்துல நின்னு அளக்கறவ பள்ளத்தத்தானே அளப்பா? அதுகூடத் தெரியாதா அதுக்கு? புள்ளிய மட்டும் கேக்காமயே ஒட்ட வெக்கத் தெரியுது.

அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. ரோடு தோண்டுன மண்ணு போட எடமில்லாம கெடந்துச்சு, கொண்டாந்து குழிய மூடி, மேல மேலக் குமிச்சு, கரடாக்கிட்டாங்க. ஊசி எலை மரம் நம்ம வெயிலுக்கு வருமா? அதுக்கு மட்டும் புங்கனே வெச்சுக்கலாம்னு நான் சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க. மத்ததெல்லாம் படத்துல இருக்கற மாதிரியே. என்ற தாமரை போச்சு. இவரு எறங்கிப் போயி உக்கார்றதுக்குன்னு நான் நெனச்ச எடம் மண்ணுக்கு அடியில கெடக்குது. கால் வராத மனுசனுக்குக் கரட்ட வெச்சுக் குடுத்திருக்கறேன் நான். ஊரே ஏறி எறங்குது. நான் இதுவரைக்கும் ஒரு தடவை ஏறுனதில்லீங்க. ஏறவும் மாட்டேன். தெனமும் இந்தக் கரட்டடியில கொண்டாந்து இவர உக்கார வெப்பேன். இவரும் கம்பியப் புடிச்சுட்டு நின்னு, 'மேல'ம்பாரு. மேலுக்கு முடியாதவர எதுக்குக் காத்துல வெச்சிருக்கறதுன்னு ஒடனே கூட்டிட்டுப் போயிருவேன். இன்னிக்கு உங்களோட பேசிட்டு இருந்ததுல...

என்னங்க அம்மணி, பையத் தேடறீங்களா? இங்கதானே வெச்சீங்க. தக்காளி பூரா பெஞ்சு மேல கெடக்குது, பையக் காணமே. யாரு கொட்டுனது? ஏனுங்க, நீங்களா...

இவரு எங்க?

குச்சி இங்க இருக்குது. குச்சி இல்லாம எங்கீங்க போவாரு? இப்பத்தானே கம்பியப் புடிச்சுட்டு இங்க நின்னாரு. அட சாமி, கூட்ஸ் வண்டி சத்தம் வேற கேக்குதே, சத்தம் ஆகாதே அவருக்கு, எங்க போயி விழுந்தாரோ! ஏனுங்க! ஏனுங்கோவ்!

எங்க காட்டறீங்க? மேலயா?

அய்யோ.

எப்படி ஏறுனாரு? ஆரு ஏத்தி விட்டது? ஒருத்தரும் இல்லீங்களா? அவராவா? அந்தக் கம்பியவே புடிச்சுட்டா? அது எறங்கறதுக்குன்னு வெச்ச சரிவுங்க, மெதுவா, மூச்சு வாங்காம எறங்கட்டும்னு... ஏறுறதுக்கும் அதே சரிவுதானா அப்ப.

உங்க பை அவரு கையில இருக்குதுங்க. பாருங்க, கம்பியில சாஞ்சுட்டு, நெஞ்ச நிமித்திட்டு, நல்ல கைய நீட்டி, அந்தப் பச்சைப் பைய ஆட்டறாரு. கொடிய ஆட்டற மாதிரி. யாருக்கு ஆட்டறாரு? இங்கிருந்து எனக்குச் செவுருதான் தெரியுது. ஊதறாங்க, கேட்டுச்சுங்களா? வண்டியில இருந்து ஊதறாங்க. இவருக்கா ஊதறாங்க?

என்ன சொல்றாரு? சித்த இருங்க, சத்தத்துல கேக்கல. மேல. மேலங்கறாரு. மேலுக்கு முடி... இல்லீங்க. அவரு மேலுக்கு ஒண்ணுமில்ல. என்னையக் கூப்பிடறாரு. மேல வரச் சொல்றாரு. இத்தன நாளும் இதையத்தானுங்களா சொல்லிட்டு இருந்தாரு? மாத்திரையக் குடுத்துல்ல படுக்க வெச்சேன் நான்.

இருங்க, வர்றேன்! அங்கயே நில்லுங்க, கம்பிய விட்றாதீங்க, வர்றேன்!

அம்மணி, தக்காளிய அப்பறம் பொறுக்கிக்கலாம். சித்த என்ற கையப் புடிங்க. இந்தக் கம்பி எனக்கு வாகா இல்லீங்க, அவரு கை ஒசரத்துக்குன்னு வெச்சது.